வாசனைத் தேயிலை: முகர்ந்து, உறிஞ்சி, ஆறவிட்டு ஒப்பிடும் முறை

ஏலக்காய் டீ என்று எழுதிய பொட்டலத்தைக் கத்தரித்ததும் குப்பென்று ஒரு வாசனை வரும். அந்த நொடியிலேயே பாதிப் பேர் "நல்ல டீ" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். வீட்டில் போட்டுக் குடித்தால் முதல் வாய் அமர்க்களமாக இருக்கும். நான்காவது வாயில் சப்பென்று ஆகிவிடும். அடியில் மிஞ்சியது ஆறியதும் பழைய ஓலைப்பாயை நனைத்த மாதிரி ஒரு வாடை. மணம் மேலே நிற்கும்வரை அதற்குள் இருக்கிற தேயிலையின் லட்சணம் தெரியாது. அந்த மணத்துக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

இங்கே பேசுவது இலையாகவே வரும் தேயிலையைப் பற்றி. பால் டீக்குப் போடும் சி.டி.சி. குருணையும் (இலையை எந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டியது) டஸ்டும் வேறு கதை. செம்பருத்தி, துளசி, கெமோமில் என்று விற்பவற்றில் தேயிலையே இல்லாமல் இருக்கலாம். அவற்றை இந்த வரிசையில் கலக்காதீர்கள்.

இலைக்கு மணம் எப்படி ஏறியது?

இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் கோப்பையில் நடப்பது பாதி புரிந்துவிடும்.

மல்லிகை டீயில் தொடங்கலாம். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூச்சோ நகரம் இதற்குப் பேர்போனது. அங்குள்ள மல்லிகை, தேயிலைச் சாகுபடி முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014-ல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. அவர்கள் பயன்படுத்தும் பூவின் தாவரப் பெயர் ஜாஸ்மினம் சம்பக். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் அதே இனம்தான். மதியம் பறித்த மொட்டு ராத்திரி வாய் திறக்கும்போதுதான் மணக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கேயும் அதுதான் சூட்சுமம். வசந்தத்தில் பறித்துப் பதப்படுத்தி வைத்த பச்சைத் தேயிலையோடு (கிரீன் டீ), கோடையில் வரும் மல்லி மொட்டுகளை மாலையில் கலந்து குவிக்கிறார்கள். இரவெல்லாம் மொட்டு விரிய விரிய இலை மணத்தைக் குடிக்கிறது. பூவின் ஈரத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும் என்பதால், காலையில் பூவைச் சலித்து நீக்கிவிட்டு இலையை மறுபடி உலர்த்துவார்கள். அப்புறம் புதுப் பூ, இன்னொரு இரவு. உயர்ந்த ரகங்களுக்கு இது ஐந்தாறு தடவைகூட நடக்கும். அதனால் பொட்டலத்தில் காய்ந்த இதழ் நிறையத் தெரிந்தால் மயங்க வேண்டாம். வேலையை முடித்த பூ வெளியே போய்விட்டது. உள்ளே கிடப்பது பெரும்பாலும் பார்வைக்கு.

இரண்டாவது வழி எண்ணெய். ஏர்ல் கிரே இதற்குப் பிரபலமான உதாரணம். தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளையும் பெர்கமாட் பழத் தோலின் எண்ணெயைக் கருந்தேயிலையில் தெளித்துப் புரட்டி எடுக்கிறார்கள். பெர்கமாட்டை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் விரலில் தெறிக்கும் வாசனையும், லாவண்டர் சோப்பின் சாயலும் சேர்ந்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடலாம். 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சார்லஸ் கிரே பிரபுவின் பெயரில்தான் இந்த டீ உலாவுகிறது. அவருக்கு இது எப்படிக் கிடைத்தது என்று சொல்லப்படும் கதைகளை நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது, பொருளையே இலையோடு கலப்பது: ஏலக்காய், சுக்கு, பட்டை, புதினா. நான்காவது புகை. சீனாவின் வூயி மலைப் பகுதியின் லாப்சாங் சூசோங், பைன் கட்டைப் புகையில் வாட்டிய தேயிலை. நம் ஊர் விறகடுப்பு ஞாபகம் வரும். பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஏலக்காய் டீ என்றாலே உள்ளே ஏலக்காய் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எண்ணெயும் தெளித்து, பேருக்கு நாலு தோலும் கலந்திருப்பது சகஜம். பொட்டலத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இயற்கை நறுமணம், இயற்கையை ஒத்த நறுமணம், செயற்கை நறுமணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். "இயற்கையை ஒத்த" என்றால் இயற்கையில் இருக்கிற மூலக்கூறையே ஆலையில் செய்தது என்று பொருள். அது கெட்டது என்று சொல்ல வரவில்லை. என்ன விலைக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எதை எதோடு ஒப்பிடுவது?

பத்து வகை வாங்கிப் பரப்பினால் நாலாவது கோப்பைக்கு மேல் நாக்கு கையை விரித்துவிடும். ஒரு அமர்வுக்கு நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து. அதில் ஒன்று மணம் எதுவும் சேர்க்காத தேயிலையாக இருந்தே ஆக வேண்டும். நான் வைப்பது நீலகிரி ஆர்தோடாக்ஸ் இலை, அதாவது குருணையாக்காமல் பழைய முறையில் உருட்டிப் பதப்படுத்தியது. அதற்கே லேசான பூ வாசமும் தெளிந்த நிறமும் உண்டு. அஸ்ஸாம் போல முரட்டுத்தனம் கிடையாது. இலங்கையில் இருப்பவர்கள் திம்புல அல்லது நுவரெலியா இலையை வைக்கலாம். இந்த வெறும் டீதான் அளவுகோல்.

இன்னொரு கோப்பையை வீட்டிலேயே தயாரியுங்கள். ஏலக்காய் டீயைச் சோதிக்கிறீர்கள் என்றால், அதே வெறும் இலையோடு ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டு அதையும் வரிசையில் வையுங்கள். கடையில் வாங்கியது குறைந்தபட்சம் இதையாவது ஜெயிக்க வேண்டுமா இல்லையா? என் அனுபவத்தில் பல பொட்டலங்கள் இந்த இடத்திலேயே தோற்றுப்போகும்.

ஒப்பீட்டில் இரண்டு விதம் உண்டு. ஒரே மணம், வெவ்வேறு தயாரிப்பு (மூன்று ஏர்ல் கிரே) என்றால் எது மேல் என்று சொல்லலாம். வெவ்வேறு மணங்கள் என்றால் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். மல்லிகை டீ லாப்சாங்கைவிட மேல் என்பது ரசம் சாம்பாரைவிட மேல் என்பது போலத்தான்.

இடமும் சாமானும்

ஒரு தடவை வரிசையாக வைத்த நாலு டீயிலும் எனக்கு எலுமிச்சை அடித்தது. வெறும் நீலகிரியிலும்கூட. "அடடா, என்ன ஒரு சிட்ரஸ் குணம்" என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் கோப்பையை முகர்ந்து பார்த்தேன்: பாத்திரம் கழுவும் சோப்பு. அன்றிலிருந்து சுவைக்கிற கோப்பைகளைக் கடைசியாக வெறும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைப்பது வழக்கம்.

அதே காரணத்துக்காக, தாளிக்கிற நேரம், சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமை மாலை, தலையில் பூ, கையில் சென்ட், இவை எதுவும் ஆகாது. காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது நல்லது. காபி குடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கோப்பை எல்லாம் ஒரே அளவில், உள்பக்கம் வெள்ளையாக, பீங்கானாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. முந்தாநாள் ரசமும் எங்கோ ஒட்டியிருக்கும். மூடி வைக்கத் தட்டு, பெரிய வடிகட்டி, மேசைக்கரண்டி, துப்புவதற்கு ஒரு சொம்பு, நகைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன மின்தராசு. வாயைச் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத வெறும் பொரியும் போதும். பிஸ்கட் வேண்டாம், அதில் சர்க்கரை, வெண்ணெய், வனிலா எல்லாம் இருக்கும்.

தண்ணீர் முக்கியம். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதக்கும். அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையோடு சேர்ந்து செய்யும் வேலை. மணமும் மங்கிவிடும். வடிகட்டிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர், அதுவும் புதிதாகக் கொதிக்கவைத்தது. இன்னொன்று: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். லீவுக்குப் போன இடத்தில் குடித்த டீ வீட்டில் அப்படியே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

போடும் முறை

தேயிலை சுவைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச விதியே 1980-ல் வந்தது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, மூடி வைத்து 6 நிமிடம். (இதே முறையைச் சொல்லும் பிரிட்டிஷ் விதி, ஒரு கோப்பை டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காக 1999-ல் இக் நோபல் கேலிப் பரிசு வாங்கியது.) அது குடித்து ரசிக்கும் அளவு இல்லை, இலையின் குற்றம் குறையைத் துருத்திக் காட்டுவதற்கான அளவு. வீட்டில் நான் செய்வது இது:

1. பொட்டலத்தை மெதுவாக நாலைந்து முறை புரட்டுங்கள். ஏலக்காய் விதையும் சுக்குத் தூளும் அடியில் இறங்கியிருக்கும். மேலாக அள்ளினால் ஒரு டீ, அடியில் அள்ளினால் வேறு டீ.
2. கோப்பைக்கு 3 கிராம் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே எடுபடாது. முத்து மாதிரி உருட்டிய மல்லிகைத் தேயிலை ஒரு கரண்டியில் கனமாக உட்காரும். புதினா கலந்த இலை பஞ்சு மாதிரி நிற்கும்.
3. 150 மி.லி. தண்ணீர். கருந்தேயிலைக்குக் கொதிக்கக் கொதிக்க. மல்லிகை போன்ற பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால், மூன்று பங்கு கொதித்த தண்ணீரில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும்.
4. தட்டால் மூடுங்கள். கருந்தேயிலை 4 நிமிடம், பச்சை இரண்டரை. கைபேசியில் நேரம் வையுங்கள், உத்தேசம் வேண்டாம்.
5. வடிகட்டிய இலையைத் தூக்கிப் போடாதீர்கள். மூடியைத் திருப்பி அதன்மேல் குவித்து, அந்தந்தக் கோப்பைக்குப் பின்னால் வையுங்கள்.

சர்க்கரை கிடையாது. தேன் கிடையாது. பால் கடைசியில்.

சுவைக்கும்போது

மூக்குக்கு மூன்று வேலை. உலர்ந்த இலையை முகர்வது முதலாவது. அதில் தெரிவது பெரும்பாலும் சேர்த்த மணம்தான். ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். இரண்டாவது, நனைந்த சூடான இலை. இங்கேதான் நிறைய அம்பலமாகும். நல்ல இலையாக இருந்தால் மணத்துக்கு அடியில் வேகவைத்த கீரை, பழத்தோல், புதுப் பனைவெல்லம் மாதிரி ஏதாவது ஒன்று கிடைக்கும். பழைய இலையாக இருந்தால் வைக்கோல், அட்டைப்பெட்டி. மூன்றாவது, டிகாஷன்.

அப்புறம் நிறத்தைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கோப்பை விளிம்பு பளிச்சென்று செம்பு நிறம் காட்டினால் நல்லது. மங்கிய பழுப்பு நல்லதல்ல. ஆறும்போது கலங்கினால் பயப்பட வேண்டாம். திடமான டீ குளிரும்போது அதன் சத்துகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பால் தெளித்தது போல ஆகும். அது குறை ஆகாது.

இனி உறிஞ்ச வேண்டும். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைப்பவர்கள் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்க, கரண்டியால் எடுத்து "ஸ்ஸ்ரூப்" என்று பெரும் சத்தத்தோடு இழுத்து, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வார்கள். வீட்டில் பெரியவர்கள் "சத்தம் போடாமல் குடி" என்று சொல்லி வளர்த்ததையெல்லாம் இப்போது மறந்துவிடுங்கள். காற்றோடு சேர்ந்து தெறிக்கும்போதுதான் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும்.

நம்பிக்கை இல்லையா? மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் டீயை ஒரு வாய் எடுங்கள். துவர்ப்பு தெரியும், கசப்பு தெரியும், சூடு தெரியும். ஏலக்காய் இருக்காது. வாயில் வைத்தபடியே விரலை விடுங்கள். விசிறி போட்ட மாதிரி ஏலக்காய் வந்து சேரும். இது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. மூக்கை அடைத்துக் குடித்த அந்த ஒரு வாய்தான் மணம் கழித்த தேயிலை. அது தண்ணியாக, கசப்பாக மட்டும் இருந்தால், நீங்கள் காசு கொடுத்தது எண்ணெய்க்கு. மெந்தால் உள்ள மின்ட் டீயில் மட்டும் மூக்கை அடைத்தாலும் குளிர்ச்சி போகாது, சுக்கு டீயில் காரம் போகாது. அவை வாயின் நரம்பைத் தொடும் சங்கதிகள்.

வரிசை: மென்மையானதில் தொடங்கி முரடானதில் முடிக்க வேண்டும். மல்லிகை, வெறும் நீலகிரி, ஏர்ல் கிரே, ஏலக்காய், மசாலா அல்லது புகை. லாப்சாங்கை முதலில் குடித்துவிட்டால் அன்றைய அமர்வு முடிந்தது.

ஒரு சுற்று சூடாக, பத்து நிமிடம் கழித்து ஒரு சுற்று, முழுக்க ஆறியபின் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஆவி பறக்கும்போது எல்லா டீயும் நல்ல டீதான்.

அப்புறம் அதே இலையில் இரண்டாம் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் தெளித்தவை பெரும்பாலும் முதல் கோப்பையிலேயே மணத்தைக் கொட்டிவிட்டு இரண்டாவதில் வெறுங்கையோடு நிற்கும். உண்மையான ஏலக்காய்த் துண்டு இருந்தால் இரண்டாவதிலும் கொஞ்சம் கொடுக்கும். பல இரவு பூவோடு கிடந்த மல்லிகை டீ மூன்றாம் தண்ணீரிலும் லேசாக மணக்கக்கூடும்.

எழுதி வைக்கும் சொற்கள்

ஆங்கிலச் சுவைச் சக்கரங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. துவர்ப்பு என்ற சொல்லே நமக்கு அறுசுவையில் ஒன்றாகக் கிடைத்திருக்கிறது. நாவற்பழமும் வாழைப்பூவும் தின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். நல்ல டீயின் துவர்ப்பு பளிச்சென்று வந்து எச்சிலை ஊறவைக்கும். மட்டமானது நாக்கில் பழுக்காத வாழைக்காய்க் கறை போல அப்பிக்கொள்ளும். தொண்டையில் கீறினால் காறல். மூக்கில் ஏறினால் நெடி. மணத்துக்கும் நெடிக்கும் இடையில்தான் பெரும்பாலான வாசனைத் தேயிலைகள் மாட்டிக்கொள்கின்றன. சப்பென்று, கமறல், புழுக்க வாடை, தீய்ந்த வாசம் என்று உங்கள் அடுக்களைச் சொற்களையே எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம், இரண்டு ஏலக்காய் டீ:

"கோப்பை 417. சூட்டில்: பாயசக் கடை. மணம் முன்னால் ஓடுகிறது, டீ பின்னால் வரவில்லை. 10 நிமிடம்: இனிப்பு மிட்டாய் வாடை, நாக்கில் ஒன்றும் இல்லை. ஆறியபின்: காறல், சோப்பு. இரண்டாம் தண்ணீர்: மஞ்சள் வெந்நீர்.

கோப்பை 862. சூட்டில்: மணம் குறைவு, ஏமாற்றம். 10 நிமிடம்: ஏலக்காய் இப்போதுதான் வருகிறது, கூடவே விதையின் லேசான காரம். ஆறியபின்: துவர்ப்பு சுத்தம், கடைசியில் கொஞ்சம் இனிப்பு. இரண்டாம் தண்ணீர்: பாதி இருக்கிறது."

862 வேறெதுவும் இல்லை, வெறும் நீலகிரியும் நான் தட்டிப் போட்ட ஒரு ஏலக்காயும்தான்.

கண்ணைக் கட்டிச் சோதிப்பது

அந்த எண்கள் எதற்கு என்றால், விலை தெரிந்தால் நாக்கு விலையைத்தான் குடிக்கும். வீட்டில் இன்னொருவரைக் கோப்பை அடியில் மூன்று இலக்க எண் ஒட்டி இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். 1, 2, 3 என்று போட்டால் ஒன்றாம் எண்ணுக்கே மனசு சாயும்.

இரண்டு டீக்கும் வித்தியாசமே இல்லையோ என்று சந்தேகம் வந்தால் மூன்று கோப்பைச் சோதனை செய்யலாம். இரண்டு கோப்பையில் ஒரே டீ, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். அதனால் ஒரு தடவை ஜெயித்ததைக் கணக்கில் வைக்காதீர்கள். மூன்று தடவையும் சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டமாக இருக்க 27-ல் ஒரு வாய்ப்புதான். எண்ணூறு ரூபாய் ஏர்ல் கிரேயையும் இருநூறு ரூபாய் ஏர்ல் கிரேயையும் வைத்து இதைச் செய்து பாருங்கள். முடிவைக் கணவரிடமோ மனைவியிடமோ சொல்வது உங்கள் இஷ்டம்.

பாலும் விலையும்

நம் வீடுகளில் டீ என்றால் பால் டீ. ஆகவே ஒப்பிட்டு முடித்த பிறகு, புதிதாகப் போட்ட சூடான டிகாஷனில் ஒரு மேசைக்கரண்டி காய்ச்சிய பால் விட்டுப் பாருங்கள். பால் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கடுமையான டீ சாதுவாகும்; மெலிந்த டீ காணாமலே போய்விடும். ஏலக்காய், மசாலா தாங்கும். மல்லிகைக்குப் பால் விடுவது பாவம்.

விலையைப் பொட்டலத்துக்குப் பார்க்காமல் கோப்பைக்குப் பாருங்கள். 50 கிராம் 300 ரூபாய் என்றால் 3 கிராம் கோப்பைக்கு 18 ரூபாய். இரண்டாம் தண்ணீரும் தேறினால் 9. தேறாவிட்டால் அந்த 18 ரூபாய், வெறும் இலையும் ஏலக்காயும் போட்ட கோப்பைக்கு ஆகும் செலவோடு எப்படி நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

வாங்கியதை வைக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகையை ஏற்றிக்கொண்டதும் அந்தக் குணத்தால்தானே. ஆகவே அஞ்சறைப் பெட்டி அலமாரியில் வைக்காதீர்கள். பிரிட்ஜில் வைத்தால் ஈரமும் மாவு வாடையும் ஏறும். ஒவ்வொரு மணத்துக்கும் இறுக்கமான தனி டப்பா வேண்டும். மசாலா டீ இருந்த டப்பாவில் மல்லிகையைக் கொட்டினால், எத்தனை தடவை கழுவியிருந்தாலும் பட்டை முன்னால் வந்து நிற்கும். திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் தெளித்தவற்றை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது உசிதம். தோற்றுப்போன 417-ஐ நான் தூக்கிப் போடவில்லை. வெறும் நீலகிரியோடு நாலுக்கு ஒன்று கலந்து, வீட்டுக்கு வருபவர்களுக்குப் பால் விட்டுக் கொடுத்துத் தீர்த்தேன். எல்லோரும் வாசனையாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.